பழைய கேமராவின் திருத்தம்

ஜனவரி 12

அன்புள்ள சின்னவளுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். படி ஏறும்போது என் முட்டி மட்டும் முணுமுணுக்கிறது. நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்பதை முதலில் எழுது. மற்றதெல்லாம் அப்புறம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ எல்லாவற்றுக்கும் 'ம்' மட்டும் சொல்கிறாய். உன் பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்கிறது. அதனால்தான் மாப்பிள்ளை கம்பெனிக்குப் போகும் கேமராப் பெட்டியில், ஸ்பாஞ்சுக்கு அடியில் இதை வைக்கிறேன். நீ இருக்கும் வீட்டில் பெட்டியைப் பிரிக்கிற கை வேறு யாருடையதாகவும் இருக்காது, எனக்குத் தெரியும். பதிலைக் காலிப் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பு. போக வரக் கூரியர் செலவு கம்பெனியுடையது. நமக்கு நஷ்டமில்லை.

நம் பெரியவள் காய்ச்சலில் போய் இரண்டு மாதமாகிறது. யாராவது "தங்கச்சி எப்படி இருக்கா?" என்று கேட்டால் வாய் இன்னும் தானாக "எந்தத் தங்கச்சி?" என்கிறது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். நான் அழுதுகொண்டு உட்கார்ந்தால் கடை ஷட்டரை யார் தூக்குவது.

அவள் குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாப்பிள்ளை வீட்டுக்கு நீ போனதிலிருந்து கடையில் உன் மேஜை காலி. கேமராச் சோதனைக்கு ஓர் ஆளைப் போட்டேன். புள்ளி போட்ட கண்ணாடித் தட்டைக் கேமராவுக்கு முன்னால் வைக்கிறான், படம் எடுக்கிறான், பெட்டி மேல் 'ஓகே' என்று எழுதுகிறான். எல்லாவற்றுக்கும் ஓகே. நீ எழுதுவாயே, 'இவள் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து பார்ப்பாள்', 'இவளுக்கு வெளிச்சம் கூசும்' என்று. கேமராவுக்கு என்னடி குணச்சித்திரம் என்று நான் திட்டுவேன். இப்போது கஸ்டமர்கள் போன் போட்டு, "என்ன சார், இந்தத் தடவை பொண்ணுங்க குணமெல்லாம் எழுதி வரலையே" என்கிறார்கள்.

மாப்பிள்ளை இந்த வருடம் நிறைய மெஷின் செய்யப் போகிறார். மருந்துப் பாட்டிலின் மூடி கோணலாக இருக்கிறதா என்று பார்க்கும் மெஷின். ஒவ்வொன்றுக்கும் நான்கு கேமரா. அவரிடம் என் வழக்கமான பாட்டைப் பாடினேன்: "மாப்ள, நம்ம சரக்குல ஒண்ணைக் கழட்டி இன்னொண்ணை மாட்டுனா மெஷினுக்கே தெரியாது." இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டால் எந்த மெஷின்காரனும் ஆர்டர் எழுதிவிடுவான்.

குழந்தைக்காக இன்னும் ஒரு மாதம் இரு. வாண்டுவுக்கு என் முத்தம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அண்ணன்

*

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணா,

சாப்பிடுகிறேன். தூங்குகிறேன். முதலில் கேட்டதால் முதலிலேயே எழுதிவிட்டேன். நீங்கள் மாடிக்கு ஏறுவது ஸ்டாக் எண்ணத்தானே, அதற்கு ஆளை அனுப்பினால் முட்டி பேசாமல் இருக்கும். அண்ணியின் இருமல் நின்றதா?

இங்கே முன்னால் வீடு, பின்னால் ஷெட், நடுவில் ஒரு தகரக் கதவு. பகலெல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம் 'டப், டப்' என்று சத்தம். மூடி கோணலான பாட்டிலைக் காற்று ஊதி வெளியே தள்ளும் சத்தம் அது. நேற்று வாண்டு கேட்டாள், "தள்ளி விட்ட பாட்டிலெல்லாம் எங்க போகும் சித்தி?" தொட்டிக்குள் என்றேன். "அப்புறம்?" என்றாள். அப்புறம் எனக்கும் தெரியவில்லை.

அக்காவின் பச்சைச் சால்வை நுனியைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குகிறாள். சும்மா கையில் கொடுத்தால் ஒத்துக்கொள்வதில்லை, யாராவது போர்த்தியிருக்க வேண்டும். அதனால் படுக்கும்போது நான் போர்த்திக்கொள்கிறேன்.

புது ஆளிடம் சொல்லுங்கள்: கேமராவை ஆன் செய்ததும் படம் எடுக்கக் கூடாது. அது சூடாகி ஒரு நிதானத்துக்கு வர வேண்டும். அவசரத்தில் எடுத்த முதல் படம் பொய் சொல்லும்.

எதிர்க்கடை பஞ்சுவிடம் என் நீலத் துடைப்புத் துணி இருக்கிறது. கிளம்பிய அன்று லென்ஸ் துடைக்கக் கொடுத்தது. திருப்பி வாங்க வேண்டாம். இருக்கிறதா என்று மட்டும் பார்த்து எழுதுங்கள்.

மாதக் கடைசிக்கு டிக்கெட் எடுக்கட்டுமா? வாண்டுவையும் கூட்டி வந்து கொஞ்ச நாள் நம்மோடு வைத்துக்கொள்ளலாம் என்று ஆசை. அத்தானிடம் நீங்கள்தான் கேட்க வேண்டும். நான் கேட்டால் சரியாக இருக்காது.

எல்லோர் நலமும் எழுதவும்.

அன்புத் தங்கை

*

பிப்ரவரி 24

அன்புள்ள சின்னவளுக்கு,

நாங்கள் நலம். அண்ணியின் இருமல் நின்றுவிட்டது, பேச்சு திரும்ப வந்துவிட்டது. வாண்டு எடை போட்டிருக்கிறாளா?

டிக்கெட் எடுக்காதே. காரணம் சொல்கிறேன். நின்றுகொண்டு படிக்காமல் உட்கார்.

மாப்பிள்ளையின் அம்மா பேசினார்கள். சுற்றி வளைக்கவில்லை. "குழந்தை உங்க சின்னவகிட்ட ஒட்டிக்கிச்சு. வேற ஒருத்தி வந்தா அந்தக் குழந்தை என்ன ஆகும்? அவளே இங்க இருந்துட்டா என்ன?" என்றார்கள். மாப்பிள்ளையிடம் கேட்டேன். அவர், "நான் என்ன சொல்றது மச்சான்" என்றார். அவர் வேண்டாம் என்று நினைத்தால் வேண்டாம் என்பார், எனக்குத் தெரிந்தவரை.

நான் யோசித்ததை யோசித்தபடியே எழுதுகிறேன். தெரிந்த வீடு. தெரிந்த மனிதன், குடி கிடையாது, கை நீட்டும் பழக்கம் கிடையாது. தாயில்லாக் குழந்தைக்குத் தாய். உனக்கும் வயது ஏறுகிறது, நான் கொண்டுவந்த வரன்களை எல்லாம் ஏதோ ஒரு குறை சொல்லித் தட்டிவிட்டாய். இன்னொன்றும் உண்டு. மாப்பிள்ளைதான் என் வியாபாரத்தில் பாதி. அங்கே வேறொரு குடும்பம் நுழைந்தால் வேறொரு மச்சான் வேறொரு கேமரா கொண்டுவருவான். இதை மறைத்துவிட்டு உன் நன்மைக்கு என்று மட்டும் எழுதினால் நான் உன் அண்ணன் இல்லை.

பிடிக்கவில்லை என்றால் ஒரே வரியில் எழுதிவிடு. நான் பார்த்துக்கொள்கிறேன். உன்னைத் தூக்கி வளர்த்தவன், உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன்.

உன் துணி பத்திரமாக இருக்கிறது. கொடுடா என்று கேட்டேன், தரமாட்டேன் என்கிறான், கஞ்சன். எப்போது பார்த்தாலும் விரலிடுக்கில் பஞ்சை வைத்துக்கொண்டு ஒரே லென்ஸைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். "சின்னவங்க எப்ப வர்றாங்க?" என்று கேட்டான். எதற்கு என்றேன். ஒரு லென்ஸ் காட்டணும் என்றான். என்னிடம் காட்டு என்றேன். உங்களுக்குப் புரியாது என்கிறான். இந்தத் தொழிலில் எனக்குப் புரியாதது என்ன இருக்கிறது.

வாண்டுவையும் உன்னையும் நினைத்துக்கொண்டே இருக்கும்,
அண்ணன்

*

ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணா,

நலம். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். வாண்டுவுக்குக் காய்ச்சல். அக்காவுக்கு வந்த மாதிரியே ஆரம்பித்ததால் வீடே நடுங்கிப் போனது. இப்போது சரியாகிவிட்டது. காய்ச்சல் நாளெல்லாம் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டே கிடந்தாள். பாத்ரூமுக்குப் போகக்கூட விரலைப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

நீங்கள் கேட்ட ஒரு வரியை எழுத நான்கைந்து தடவை உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

உங்கள் இஷ்டப்படி செய்யுங்கள்.

எதிர்க்கடையில் யாராவது கேட்டால், நான் நன்றாக இருப்பதாகச் சொல்லுங்கள்.

தங்கை

*

மே 20

அன்புள்ள சின்னவளுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். அண்ணி வழியெல்லாம் அழுதாள், ரயிலில் பக்கத்து சீட்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நீ எப்படி இருக்கிறாய்? புது வாழ்க்கை பழகிவிட்டதா?

ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுப் பத்துப் பேருக்குச் சாப்பாடு போட்டதோடு முடித்தது நல்லதுதான். பெரியவள் போய் ஒரு வருடம் ஆவதற்குள் மேளமும் ஆரவாரமும் வைத்திருந்தால் என் நெஞ்சு தாங்கியிருக்காது. போட்டோ வந்திருக்கிறது. எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள், நீ மட்டும் கேமராவுக்குப் பக்கத்தில் எதையோ பார்க்கிறாய். ஊருக்கெல்லாம் கேமரா சோதித்தவளுக்கு அதை நேராகப் பார்க்கத் தெரியவில்லையே என்று அண்ணியிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

தெருக்காரர்களுக்கு ஒரு சாப்பாடு போட்டேன். எல்லோரும் வந்தார்கள். பஞ்சு மட்டும் அன்று கடையைத் திறக்கவே இல்லை. ஓசிச் சோற்றுக்கு வராத ஆளை இந்தத் தெருவில் இப்போதுதான் பார்க்கிறேன். முன்பே விஷயத்தைச் சொன்னபோதும் சரி என்று தலையாட்டிவிட்டு லென்ஸைத் துடைத்துக்கொண்டேதான் இருந்தான். நீ நன்றாக இருப்பதாகச் சொன்னேன். அதற்கும் தலையாட்டினான்.

இந்தப் பெட்டியில் எட்டுக் கேமரா. புது ஆள் 'ஓகே' போட்டதுதான். நீ ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே அனுப்பு.

மாப்பிள்ளைக்கும் அவர் அம்மாவுக்கும் என் வணக்கம். வாண்டுவுக்கு ஒரு பொம்மை வைத்திருக்கிறேன்.

மனம் லேசான,
அண்ணன்

*

ஜூன் 28

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் நலம். பொம்மையின் ஒரு கண்ணை வாண்டு பிடுங்கிவிட்டாள், பிறகு அதற்காக அழுதாள். உங்கள் முட்டி எப்படி?

பழகிவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். நான் பழகுகிறேனா, வீடு என்னைப் பழக்குகிறதா என்று தெரியவில்லை. அக்கா குடித்த டம்ளர்தான் எனக்கு. அக்கா படுத்த பக்கம்தான் எனக்கு. சமையலில் உப்பு ஒரு கல் கூடினால் அத்தை கோபிப்பதில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாக, "அவ கைக்கு இவ்வளவு விழாது" என்கிறார். அக்கா ஜன்னலைச் சாத்தும்போது சத்தமே வராதாம். அக்கா சிரித்தால் பின்னால் ஷெட்டுக்குக் கேட்குமாம். ஒருநாள் அத்தை, "நீ ஏன் சிரிக்கவே மாட்டேங்கற?" என்றார். சிரித்தேன். "இப்படி இல்ல" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. மகளைப் போல் வைத்திருந்த மருமகளைப் பறிகொடுத்தவர்.

பெட்டி பிரிக்கும் வேலையை மட்டும் எனக்கு விட்டுவைத்திருக்கிறார்கள். தகரக் கதவைத் தாண்டி நான் போவதில்லை. மெஷின் என்றாலே அக்காவுக்குப் பயம், அந்தப் பக்கமே போக மாட்டாள், அதனால் வீட்டுப் பெண்கள் போவதில்லை என்று வழக்கமாகிவிட்டது. நான் கேமராவோடு வளர்ந்தவள் என்று அத்தானுக்குத் தெரியும். ஆனாலும் கதவருகே என்னைப் பார்த்தால், "பார்த்து, பயந்துடாத" என்கிறார்.

அவர் நல்ல மனிதர். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. என்னை அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். கல்யாணமாகி வந்த முதல் வாரம், குளியலறையிலிருந்து துண்டு கேட்டுக் கூப்பிட்டார். வாய் தவறிவிட்டது, திருத்தினால் சங்கடப்படுவார் என்று நானும் எழுந்து போய்க் கொடுத்துவிட்டேன். அது தப்பாகிவிட்டது. இப்போது அதுவே நிலைத்துவிட்டது. அத்தையும் அப்படியே கூப்பிடுகிறார். வேலைக்கு வரும் அம்மாவும் அப்படியே. வேடிக்கை என்னவென்றால், நேற்று வாசலில் யாரோ ஒருவர் தன் பெண்ணை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், நான் திரும்பவில்லை. பிறகுதான் அது என் பெயர் என்று உறைத்தது.

வாண்டு மட்டும் மாறவில்லை. அத்தை எத்தனை தடவை "அம்மான்னு கூப்பிடு" என்றாலும், "இது சித்தி" என்று அவருக்கே பாடம் சொல்லித் தருகிறாள்.

பஞ்சு கடை நன்றாக நடக்கிறதா?

அன்புத் தங்கை

*

ஜூலை 15

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கே சுகம். முட்டிக்கு டாக்டர் பெல்ட் கொடுத்திருக்கிறார், அதைப் போட்டால் கால் என்னுடையது மாதிரி இல்லை. உன் கடிதம் படித்து நானும் அண்ணியும் சிரித்தோம், பெயர் விஷயத்தில் நீ செய்த கூத்துக்கு. போகப் போகச் சரியாகிவிடும். புதுச் செருப்பு கூட முதலில் கடிக்கத்தான் செய்யும்.

இப்போது அவசர விஷயம். மாப்பிள்ளை நேற்று போனில் கொதித்தார். அவர் கோபப்பட்டு நான் கேட்டதே இல்லை. ரெடியாக இருந்த மெஷினில் ஃபிட்டரின் ஸ்பானர் விழுந்து ஒரு கேமரா உடைந்ததாம். அதே மாடலில் இன்னொன்றை எடுத்து மாட்டினார்களாம். அப்போதிருந்து நல்ல பாட்டிலையெல்லாம் மெஷின் கோணல் என்று வெளியே தள்ளுகிறதாம். மற்ற மூன்று கேமராவும் ஒழுங்காம், இந்த ஒன்று மட்டும்தானாம். மெஷின் வாங்கும் கம்பெனிக்காரர்கள் பார்க்க வரப் போகிறார்களாம். "மாத்தினா தெரியாதுன்னு சொன்னீங்களே மச்சான், உங்க கேமரா ஒண்ணுக்கொண்ணு ஒத்தே போகல" என்றார். என் முகத்துக்கு நேரே இதுவரை யாரும் இப்படிச் சொன்னதில்லை.

புது ஆளை உலுக்கினேன். ஓகேதான் சார், ஓகேதான் சார் என்கிறான். கிளிக்குக்கூட இன்னும் நாலு வார்த்தை தெரியும்.

கதவு, பயம் என்றெல்லாம் பார்க்காமல் நீ போய்ப் பார். உன் கண்ணை நம்புவது போல் நான் எதையும் நம்புவதில்லை. இந்த மெஷின் கெட்டால் அடுத்த ஆர்டர் வேறொருவனுக்குப் போகும்.

பஞ்சு கடையைப் பற்றி எனக்கென்ன தெரியும், ஷட்டர் பாதிதான் திறந்திருக்கிறது.

வாண்டு நலம் எழுது.

அவசரத்தில்,
அண்ணன்

*

ஆகஸ்ட் 6

அண்ணாவுக்கு,

போய்ப் பார்த்தேன். அத்தான் வெளியூர் போயிருந்த நாளில் போனேன்.

கேமராவில் குற்றமில்லை. கழற்றி ஷெட்டில் இருந்த கண்ணாடித் தட்டின் முன் வைத்து அளந்தேன், சூடாக விட்டு, பலமுறை. நேராகப் பார்க்கிறது. நீங்கள் இதுவரை அனுப்பியதில் இதுதான் மிகத் துல்லியமானது என்றுகூடச் சொல்வேன்.

உடைந்த கேமராவின் பெட்டியைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்து இருந்தது: 'இவள் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து பார்ப்பாள்.' ஒரு முடி அளவு சாய்வு. அதில் ஒன்றும் தப்பில்லை, ஒவ்வொன்றும் உள்ளே கொஞ்சம் வேறு மாதிரிதான் உட்கார்ந்திருக்கும். மெஷின் செய்யும்போது அந்தச் சாய்வை அளந்து, படத்தை அதே அளவு இடப்பக்கம் இழுக்கும்படி மெஷினின் கம்ப்யூட்டரில் ஒரு திருத்த பைல் போட்டிருக்கிறார்கள். அதனால் அவள் இருந்தவரை எல்லாம் சரியாக இருந்தது.

அவள் போனதும் புதியதை மாட்டிவிட்டார்கள். பைலை மாற்றவில்லை. இவள் நேராகப் பார்ப்பதை, பழையவளுக்காகப் போட்ட திருத்தம் இடப்பக்கம் இழுக்கிறது. எதைப் பார்த்தாலும் கோணல். நல்ல மூடியும் கோணல்.

ஃபிட்டரிடம் சொன்னேன். அவர் நல்ல வேலைக்காரர்தான். "அந்த பைல் நல்லா இருந்த பைல்மா. இத்தனை நாள் ஒரு குத்தம் சொல்ல முடியாத பைல். கேமராவை மாத்திப் பாக்கலாம், அதை எதுக்குத் தொடணும்?" என்றார். சரி வரவில்லை என்று இன்னும் இரண்டு கேமராக்களை மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் பழுது என்று ஓரமாக வைத்திருக்கிறார்கள். அவையும் நல்ல கேமராக்கள்தான்.

அத்தானிடம் நான் சொன்னால் எடுபடாது. நீங்கள் சொல்லுங்கள்.

வேறு விசேஷம் இல்லை.

தங்கை

*

செப்டம்பர் 11

அன்புள்ள சின்னவளுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதிக் கிழித்து எழுதுகிறேன். உன் கடிதத்தில் என் முட்டியைக் கேட்கவில்லை, அண்ணியைக் கேட்கவில்லை, எதிர்க்கடையையும் கேட்கவில்லை. ஆனாலும் நாங்கள் நலம்.

மாப்பிள்ளையிடம் பேசினேன். அவர் எளிதில் விடவில்லை. "அதே மாடல், அதே பேட்ச். அப்புறம் எதுக்கு மச்சான் ஒவ்வொண்ணுக்கும் தனித் திருத்தம்? மாத்தினா மெஷினுக்கே தெரியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

நான் சொன்னேன்: "புதுசை அளந்து அதுக்குன்னு ஒண்ணு போட்டா தெரியாது மாப்ள. பழசோட திருத்தத்தை இது தலையில ஏத்தி வெச்சா, இது எவ்வளவு நேராப் பாத்தாலும் உங்களுக்குக் கோணலாத்தான் தெரியும். தப்பு இது மேல இல்ல. அதே மாடல்தான். ஆனா இது அது இல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. அவர் "சரி மச்சான்" என்று வைத்துவிட்டார். அவர் எதைச் சரி என்றார் என்று எனக்குத் தெரியாது.

உன் ஜூன் மாதக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். அன்று அதைப் படித்துச் சிரித்தவன் நான்தான். புதுச் செருப்பு என்று எழுதியவனும் நான்தான்.

எழுந்து எதிர்க்கடைக்குப் போனேன். இருபது அடி கூட இல்லாத தெருவைத் தாண்டி, கேட்க வேண்டியதைக் கேட்க எனக்கு இத்தனை மாதம் ஆனது. அங்கே இப்போது போன் கவர் விற்கிறார்கள், என் கண்ணெதிரே மாறியதை நான் கவனிக்கவே இல்லை. பஞ்சு போன மாதமே காலி செய்துவிட்டு ஏதோ கப்பலில் கருவி பார்க்கும் வேலைக்குப் போய்விட்டானாம். எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம், யாருக்கும் தெரியவில்லை. பக்கத்து சைக்கிள் கடைக்காரரிடம் ஒரு லென்ஸ் டப்பாவைக் கொடுத்து, "அவங்க அண்ணன் கேட்டா மட்டும் குடுங்க" என்றிருக்கிறான். கேட்டால் மட்டும். உள்ளே உன் நீலத் துணி, துவைத்து, நான்காக மடித்து. அவ்வளவுதான். ஒரு சீட்டுக்கூட இல்லை. அவன் காட்ட நினைத்த லென்ஸ் என்னவென்று இனி எனக்குப் புரியப் போவதில்லை.

சரக்கை ஒரு பார்வையில் எடை போடுவேன் என்று பெருமை அடித்துக்கொள்கிறவன், என் வீட்டுப் பெண்ணை எடை போடவில்லை. எழுத வரவில்லை என்று எழுதினாய். அதைச் சம்மதம் என்று நான் படித்தேன். எனக்கு வசதியாக இருந்தது.

வந்துவிடு. நான் வந்து கூட்டிப்போகிறேன். ஊர் என்ன பேசினாலும் என் கல்லாவுக்கு முன்னால் வந்து பேசட்டும். மாப்பிள்ளை ஆர்டர் போனால் போகிறது, ஒற்றைக் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பித்த கடைதான் இது. உன் மேஜை அப்படியே இருக்கிறது. துணியை அனுப்பவா?

ஒரு வரி எழுது. இந்தத் தடவை சரியாகப் படிப்பேன்.

அண்ணன்

*

அக்டோபர் 30

அன்புள்ள அண்ணா,

உங்கள் முட்டி, அண்ணியின் இருமல், எல்லாவற்றையும் கேட்கிறேன். சென்ற தடவை கேட்க மறந்ததற்கும் சேர்த்து. நான் நலம்.

மெஷின் ஒழுங்காக ஓடுகிறது. புதியதை அளந்து அதற்கென்று திருத்தம் போட்டார்கள். ஓரமாக வைத்த கேமராக்களும் வெவ்வேறு மெஷின்களில் வேலை செய்கின்றன. வாங்க வந்தவர்கள் கை குலுக்கிவிட்டுப் போனார்கள். அன்று சாயங்காலம் அத்தான் சமையலறை வரை வந்து, "நீ சொன்னதுதான் சரி" என்றார். எனக்கு ஒரு கணம் நெஞ்சு நிறைந்தது. பிறகு அந்த வாக்கியத்தின் கடைசியில் அக்காவின் பெயரைச் சேர்த்தார்.

பதில் எழுத இத்தனை நாளானதற்குக் காரணம் உண்டு. போன மாதமே வருகிறேன் என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். பெட்டியில் போடுவதற்குள் இது நடந்துவிட்டது.

பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்தேன். வாண்டு வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் "அம்மா" என்று ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். யாரும் சொல்லித்தரவில்லை. யாரும் பக்கத்தில் இல்லை. அவளாகவே கூப்பிட்டாள். அத்தைக்குச் சொன்னதும் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார், தெருவுக்கெல்லாம் இனிப்பு கொடுத்தார். அத்தான் குழந்தையைத் தூக்கி வெகுநேரம் வைத்திருந்தார்.

எல்லோரும் அடங்கிய பிறகு கூடத்தில் மாட்டியிருக்கும் அக்காவின் போட்டோவை வாண்டுவிடம் காட்டி, "இது யாரு?" என்றேன். பார்த்தாள். இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, "நீதான்" என்றாள்.

இந்த வீட்டில் என்னை என்னாகப் பார்த்தது அவள் ஒருத்திதான். அக்காவை அக்காவாக வைத்திருந்ததும் அவள் ஒருத்திதான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் போய்விட்டோம் அண்ணா.

இப்போது நான் கிளம்பினால் அந்தக் குழந்தைக்கு இரண்டாவது தடவை அம்மா போய்விடுவாள். முதல் தடவை நடந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். என் கையால் அதைச் செய்ய முடியாது. அவளைக் கூட்டிக்கொண்டு வரவும் இவர்கள் விட மாட்டார்கள், விடச் சொல்வதும் நியாயமில்லை. அதனால் நீங்கள் வர வேண்டாம். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. கேட்டீர்கள், நான்தான் சொல்லவில்லை.

துணியை அனுப்பாதீர்கள். இங்கே வந்தால் யாராவது தெரியாமல் தரை துடைத்துவிடுவார்கள். என் மேஜை இழுப்பறையில் வையுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் பெட்டிகள் எல்லாம் கம்பெனி பெயருக்குத்தான் வருகின்றன. அடுத்த பெட்டியின் மேல் என் பெயரை எழுதி அனுப்புங்கள். உள்ளே என்ன இருந்தாலும் பரவாயில்லை. கூரியர்காரர் வாசலில் நின்று பெட்டியில் இருக்கிற பெயரைத்தான் படிப்பார்.

அண்ணியிடம் சொல்லுங்கள், போட்டோவில் நான் பார்த்தது வெளியே போகும் கதவை.

தங்கை

*

நவம்பர் 8

அன்புள்ள சின்னவளுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை.

துணி உன் இழுப்பறையில் இருக்கிறது. பூட்டிச் சாவியை நான் வைத்திருக்கிறேன். புது ஆளை வேறு வேலைக்கு மாற்றிவிட்டேன், அந்த மேஜையில் இனி யாரும் உட்கார மாட்டார்கள்.

இந்தப் பெட்டியில் ஒரு கேமரா, ஒரு கண்ணாடித் தட்டு. மாப்பிள்ளை ஆர்டர் இல்லை. உனக்கு. இனிமேல் மாதா மாதம் வரும். யாராவது எதற்கு என்று கேட்டால், அண்ணன் கடைச் சோதனை வேலையை நான்தான் பார்க்கிறேன், கேள்வி இருந்தால் அவரிடம் கேளுங்கள் என்று சொல். நீ அளந்து, இவள் எப்படிப் பார்க்கிறாள் என்று பெட்டி மேல் உன் கையெழுத்தில் எழுதித் திருப்பி அனுப்பு. வேறு எவளுடைய அளவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதாதே. இந்தக் கூரியர் செலவு என்னுடையது.

'மாத்தினா மெஷினுக்கே தெரியாது' என்ற பாட்டை நிறுத்திவிட்டேன். கஸ்டமர் கேட்டால், அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும் என்கிறேன். சிலர் வேறு கடைக்குப் போகிறார்கள். போகட்டும்.

பெட்டியின் நான்கு பக்கமும் உன் பெயரை எழுதியிருக்கிறேன், கறுப்பு மையில், அரை விரல் தடிமனுக்கு. நீ பிறந்தபோது அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தவன் நான். எழுதி முடித்து அண்ணியிடம் காட்டினேன், அவள் உரக்கப் படித்தாள். இந்த வீட்டில் அந்தப் பெயர் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. நானே உன்னைச் சின்னவள் என்றுதானே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கூரியர்காரரிடம் பேசிவிட்டேன். மணி அடித்துவிட்டுப் பெட்டியை வைத்துப் போகக் கூடாது. வாசலில் நின்று பெயரைச் சத்தமாகக் கூப்பிட வேண்டும். அந்தப் பெயர்க்காரி வந்து கையெழுத்துப் போட்டால்தான் கொடுக்க வேண்டும், வேறு யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது.

அவர் கூப்பிடும்போது உடனே எழுந்து போகாதே. இரண்டு மூன்று தடவை கூப்பிடட்டும்.

அண்ணன்